எரிச்சலூட்டும் ஊசிமருந்துகளும் தாதியர் கடமையும்

மருத்துவத்திற்கு உறுப்புகள் நான்கு எனத் திருவள்ளுவர் தமது நூலின் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவிலே வகுத்துரைத்தார். நோயுற்றவன் ஒருவன், அந்நோயைத் தீர்ப்பவன் ஒருவன், மருந்து ஒன்று, அருகிலிருந்து பணி செய்பவன் ஒருவன் என்பன அவை. அருகிருப்போனை அவர் வைத்தியனுக்கு ஏவலாளாக எண்ணாமல், நான்கனுள் ஒன்றாகவே எண்ணினார் என்பதை இவ்வியாசத்தை வாசிக்கும் அன்பர்கள் முதற்கண் மனத்திற்கொள்ள வேண்டுகிறோம். அந்த நான்காம் இடத்தில் இன்று நிற்போர் தாதியர். செவிலியர் என்றும் அவர்களை அழைக்கின்றோம்.

நமது தருமபுரி பண்டைக்காலத்தில் தகடூர் என்னும் பெயரோடு அதியமானின் ஊராய் விளங்கிற்று. அரிதிற் கிடைத்த நெல்லிக்கனியை அதன் பெருமையை வெளியிடாமலே ஔவையாருக்கு அவன் ஈந்த வரலாற்றைப் பள்ளிப்பிள்ளைகளும் அறிவர். ஈகைக்கு அந்த மௌனம் அழகு. மருந்து கொடுப்பதற்கோ அம்மௌனம் அழகன்று. அதிலும், இரத்தநாளத்தின் வழியே செலுத்தப்பெறும் எரிச்சலூட்டும் மருந்துகளைப் பற்றிய அளவில், கொடுப்பவர் பேசாதிருப்பதும் பெறுபவர் பேசாதிருப்பதும் ஒரு கையையே இழக்கச் செய்யும் அபாயத்தைத் தம்முள் அடக்கியிருக்கின்றன. நோயாளி "எரிகிறது" என்று சொல்லும் சொல்லே அவ்வபாயத்தை முதன்முதல் அறிவிக்கும் மணியாகும். அம்மணி ஒலித்தவுடன் மருந்தை நிறுத்தும் உரிமையும் கடமையும் தாதிக்கு உண்டு. இதனை வற்புறுத்துவதே எமது நோக்கம்.

முதலாவது, எரிச்சல் எதனால் உண்டாகிறதென்று ஆராய்வோம். பொதுமக்கள் நரம்பு ஊசி என்று வழங்குவது உண்மையில் சிரை என்னும் இரத்தநாளத்தில் இடும் ஊசியே. 1832-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து தேசத்தில் தாமஸ் லாட்டா என்னும் வைத்தியர், காலரா கண்டு உடல் வற்றியவர்களுக்குச் சிரையின் வழியே உப்புநீரைச் செலுத்திச் சிலரைப் பிழைப்பித்தார். பிற்காலத்தில் அவ்வழி அகன்று, இன்று சிற்றூர் வைத்தியசாலைகளிலும் நித்திய வழக்கமாயிற்று. ஆயினும் சிரையின் உட்புறத்தை மூடியுள்ள தோல் மிக மெல்லியது. அது தன்னுள் ஓடும் இரத்தத்திற்கே பழகியது. இரத்தத்தின் பி.எச். அளவு 7.35 முதல் 7.45 வரையிலான குறுகிய எல்லைக்குள் நிற்பது. அதன் செறிவோ லிட்டருக்கு ஏறக்குறைய 290 மில்லி ஆஸ்மால். இவ்விரண்டிலும் பெரிதும் வேறுபட்ட கரைசல் எதுவும் அம்மெல்லிய தோலைப் புண்படுத்தும்.

உதாரணமாக, வலிப்பு நோய்க்குரிய பெனிட்டாயின் ஊசிமருந்தின் பி.எச். ஏறக்குறைய 12. இது சுண்ணாம்புத் தெளிநீரை ஒத்த காரமாகும். 50 சதவிகித குளுக்கோஸ் கரைசலின் செறிவு 2500-ஐத் தாண்டும். கையிலுள்ள சிறு நாளங்கள் நீடித்துத் தாங்கத்தக்க செறிவு 900 அளவினதே என்பது இக்காலத்து நிபுணர்களின் பொதுவான கொள்கை. வேறு சில மருந்துகள் காரத்தாலும் செறிவாலும் அன்றித் தம் குணத்தாலேயே கேடு செய்யும். இரத்த அழுத்தம் தாழ்ந்தவர்க்குக் கொடுக்கும் நார்அட்ரினலின், நாளத்தைவிட்டு வெளியே கசியுமாயின், அவ்விடத்து இரத்தக்குழல்களை இறுகச் சுருக்கித் தசையைப் பட்டினியிட்டுக் கொல்லும். நம் வீட்டு முற்றங்களிலே பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைக்கும் வின்கிரிஸ்டின் புற்றுநோய்க்கு அருமருந்து. அதுவே தோலின்கீழ்ச் சிந்தினால் ஆறாத புண்ணாகும்.

கேடு மூன்று வகையாக நேரும். மருந்து நாளத்தினுள்ளேயே இருந்து அதன் சுவரை வேகச் செய்தல் ஒன்று. அப்பொழுது நாளம் சிவந்து, கயிறுபோல் தடித்து, தொட்டால் நோகும். கானுலாவின் நுனி நாளத்தைவிட்டு நழுவியதனால் மருந்து சுற்றிலுமுள்ள தசையிற் சிந்துதல் இரண்டாவது. சிரையென்று எண்ணித் தமனியிலே மருந்தைச் செலுத்திவிடுதல் மூன்றாவது. இது அரிதேயாயினும் எல்லாவற்றினும் கொடிது.

இம்மூன்றாவதற்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. அமெரிக்க நாட்டின் வெர்மான்ட் மாகாணத்தில் டயானா லெவின் என்னும் இசைவாணி, 2000-ஆம் ஆண்டில் ஒற்றைத் தலைவலிக்கும் குமட்டலுக்கும் சிகிச்சை பெறச் சென்றார். குமட்டலைத் தணிக்கும் புரோமெத்தசீன் என்னும் மருந்து அவருடைய கை நாளத்தில் நேரே செலுத்தப்பட்டது. அம்மருந்து தமனியை எட்டவே, கை கறுத்து அழுகிற்று. முதலில் வலக்கையையும் பின்னர் முன்கையையும் வெட்டியெடுக்க நேர்ந்தது. வாத்தியம் வாசித்துப் பிழைத்தவர்க்கு வலக்கை போயிற்று. அவர் தொடுத்த வழக்கு அந்நாட்டு உச்சநீதிமன்றம் வரை சென்று, 2009-ஆம் ஆண்டில் அவருக்குச் சாதகமாகவே முடிந்தது. அவ்வாண்டிலேயே, இம்மருந்தைத் தசையில் ஆழமாகப் போடுவதே தக்கதென்னும் கடுமையான எச்சரிக்கை அதன் உறையில் இடம்பெற்றது. பெனர்கன் என்னும் பெயரால் நம் நாட்டு மருந்தலமாரிகளிலும் இருக்கும் மருந்து இதுவே. அதனாலேயே அக்கதையை இங்கு எடுத்துரைத்தோம்.

இனி, தொலைதேசத்தை விட்டு அண்மையிற் கண்டதொன்றைக் கூறுவோம். ஊரின் பெயரும் வைத்தியசாலையின் பெயரும் வேண்டா. வலிப்புக் கண்டு கொண்டுவரப்பட்ட ஓர் அம்மையார்க்குப் புறங்கையிலிருந்த சிறு நாளத்தின் வழியே பெனிட்டாயின் ஏறிக்கொண்டிருந்தது. அவர் மலையடிவாரத்தில் புளி தட்டிக் கூலி பெறுபவர். நினைவு தெளிந்ததும் அவர், "சிஸ்டரம்மா, கை எரியுதே" என்றார். "மருந்துன்னா எரியத்தான் செய்யும், கொஞ்சம் பொறுத்துக்கோங்கம்மா" என்று மறுமொழி வந்தது. அம்மையார் பொறுத்துக்கொண்டார், மறுபடியும் வாய் திறக்கவில்லை. பொழுது விடிந்தபொழுது புறங்கை கத்தரிப்பூ நிறமாய் வீங்கியிருந்தது. கை தப்பிற்று, ஆனால் இரண்டு விரல்கள் மடங்கும் ஆற்றலை இழந்தன. புளி தட்டும் சுத்தியலைப் பற்ற அவ்விரல்கள் பின்னர் உதவவில்லை.

அந்தத் தாதியைக் கடிந்துரைக்க எமக்கு மனம் வரவில்லை. அவர் அன்பில்லாதவரும் அல்லர், சோம்பரும் அல்லர். எரிதல் மருந்தின் இயல்பு என்று அவருக்கு யாரோ கற்பித்திருந்தனர். எரிதல் மருந்தின் முறையீடு என்று கற்பித்தவர் இலர். பிழை அங்கே தொடங்கிற்று என்பதே எமது துணிபு.

நம் ஜில்லாவின் நிலைமை இவ்வபாயத்தை இன்னும் மிகுவிக்கின்றது. கேழ்வரகும் மரவள்ளியும் பயிரிடுவோர், பட்டுப்புழு வளர்ப்போர், பூப்பறிப்போர், பெங்களூருக்குச் சென்று கட்டடவேலை செய்வோர் ஆகிய எளிய மக்களே நம் வைத்தியசாலைகளை நாடி வருகின்றனர். இவர்களுக்குக் கையே நிலம், கையே முதல். அன்றியும் இவர்கள் வெள்ளை உடையாரிடம் முறையிட்டுப் பழகாதவர்கள். வலியைச் சொன்னால் கோபிப்பாரோ என்றஞ்சி அடக்கிக்கொள்பவர் பலர். மயக்கத்திற் கிடப்பவனும் பச்சிளங்குழந்தையும் சொல்லவே வல்லரல்லர். சர்க்கரை தாழ்ந்த சிசுவுக்குக் குளுக்கோஸும், சுண்ணச்சத்துக் குறைந்த சிசுவுக்குக் கால்சியம் குளுக்கோனேட்டும் ஏற்றுங்கால், அதன் நூலிழை போன்ற நாளத்திலிருந்து சிறிது கசிந்தாலும் தோல் உரிந்துபோகும். சொல்லமாட்டாதவரிடத்தில் தாதியின் கண்ணே நோயாளியின் வாயாகவேண்டும்.

ஆகவே செய்யத்தக்கவை யாவை? அவை அரிய வித்தைகள் அல்ல.

முதலாவது, இம்மருந்து நாளத்தின் வழியேதான் செல்லவேண்டுமோ என்று வினவுக. வாந்தியின்றி வாயால் விழுங்கக்கூடியவனுக்கு ஊசி எதற்கு? 1971-ஆம் ஆண்டில் வங்காளத்துப் போங்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவி, ஏற்றுதற்குரிய சலைன் தீர்ந்துபோன வேளையில், டாக்டர் தீலிப் மஹாலநாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே பருகச்செய்து எண்ணிறந்தோரைக் காத்தார். ஊசியே உயர்ந்த மருந்தென்னும் மயக்கம் நம் ஜனங்களிடையே இன்றும் நீங்கவில்லை; அதனை நீக்குவதும் தாதியின் தொண்டே.

இரண்டாவது, இடத்தைத் தேர்ந்தெடுக்க. முழங்கை மடிப்பும் மணிக்கட்டும் அசையுமிடங்கள். அங்கே கானுலா எளிதில் நழுவும், தமனியும் அண்மையில் ஓடும். புறங்கையிலோ தோலின்கீழ்த் தசைநார்களே உள. சிந்திய மருந்து அவற்றைக் கெடுத்தால் விரல்கள் முடங்கும். முன்கையின் நேரான பெருநாளமே தக்கது. நாளம் பெரியதாயும் கானுலா சிறியதாயும் இருந்தால், இரத்தம் சுற்றிலும் ஓடி மருந்தைக் கரைத்துக்கொண்டு செல்லும். ஆபத்தில்லாத பொழுது, பச்சை நிறக் கானுலாவைவிட நீல நிறத்தது நாளத்திற்கு நண்பன். நெடுநாள் ஏற்றவேண்டிய கடுமருந்தாயின் கைநாளத்தை நம்பாமல், இதயத்தை அடுத்த பெருநாளத்திற்குச் செல்லும் குழாயை வேண்டிப் பெறுதலே முறை.

மூன்றாவது, மருந்துக்கு முன் உப்புநீரை அனுப்பிச் சோதிக்க. 5 முதல் 10 மில்லிலிட்டர் வரை உப்புநீர் தடையின்றிச் செல்கிறதா, வீக்கம் எழுகிறதா, பின்னிழுத்தால் இரத்தம் வருகிறதா என்று பார்த்தபின்னரே மருந்தைத் தொடலாம். நேற்று வைத்த கானுலா இன்றும் நல்லதாயிருக்கும் என்று நம்புவது கூடாது.

நான்காவது, நீர்க்கச் செய்து மெல்லச் செலுத்துக. 10 மில்லிலிட்டர் பொட்டாசியம் குளோரைடுக் குப்பியொன்றில் 20 மில்லி ஈக்விவலன்ட் அடங்கியுள்ளது. அதனை நீர்க்காமல் நேரே செலுத்தினால் நாளம் வேவதற்குமுன் இதயமே நின்றுவிடும். அரை லிட்டர் நீரிற் கலந்து, பொது வார்டில் மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்டுக்கு மேற்படாமல் ஏற்றுதலே பாதுகாப்பு. பெனிட்டாயினை உப்புநீரிலேயே கலக்கவேண்டும். குளுக்கோஸிற் கலந்தால் படிகமாய்த் திரியும். நிமிஷத்திற்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது போகலாகாது. முதியவர்க்கு அதனினும் மெல்ல.

ஐந்தாவது, சொல்லுக, கேட்க, பார்க்க. "இந்த மருந்து கைக்குச் சற்றுக் கடுமையானது, எரிந்தாலும் வலித்தாலும் உடனே சொல்லுங்கள், சொன்னால் யாரும் கோபிக்கமாட்டார்கள்" என்று தொடங்குமுன்னே கூறுதல் வேண்டும். கானுலாவின் வாயைத் துணிக்கட்டால் மூடி மறைத்தல் தவறு. உள்ளே தெரியும் ஒட்டுத்தாளே ஏற்றது. போர்வைக்குள் கையை மறையவிடலாகாது.

ஆறாவது, எரிகிறது என்ற சொல் எழுந்தவுடன் நிறுத்துக. வேகத்தைக் குறைத்துப் பார்ப்போம் என்பதும், உப்புநீரைத் தள்ளிப் பார்ப்போம் என்பதும் சிந்தியதை இன்னும் பரப்பும். கானுலாவை உடனே பிடுங்கிவிடாமல், வெற்று ஊசிக்குழலால் எஞ்சிய மருந்தை இயன்றவரை உறிஞ்சியெடுத்த பின்னரே நீக்குக. கையை உயர்த்தி வைக்க, தேய்க்கலாகாது. வீக்கத்தின் எல்லையைப் பேனாவால் வரைந்து நேரத்தைக் குறிக்க. வைத்தியருக்கு அறிவிக்க. ஒத்தடத்திலும் வேற்றுமை உண்டு: நார்அட்ரினலினுக்கும் வின்கிரிஸ்டினுக்கும் இளஞ்சூடு, டாக்ஸோரூபிசினுக்குக் குளிர்ச்சி. மாற்றி வைத்தால் கேடு மிகும். நார்அட்ரினலின் சிந்தினால் பென்டோலமின் என்னும் மாற்றுமருந்தை அவ்விடத்திலேயே தோலின்கீழ்ப் போடுவர். அதற்குக் காலம் சில மணி நேரமே. விடியட்டும் என்றிருந்தால் மாற்றும் பயன்படாது.

இவ்வளவும் ஏட்டிற்குச் சரி, வார்டிலே நடவாது என்று சிலர் கூறக்கூடும். இரவில் ஒரே தாதி வார்டு முழுவதையும் காத்து நிற்கும்போது ஒரு கையருகே உட்கார்ந்திருப்பது எங்ஙனம் என்பர். இக்கேள்வியில் நியாயம் உண்டு. அதனை யாம் மறைக்கமாட்டோம். போதிய தாதியரை நியமிப்பது நிர்வாகத்தாரின் பொறுப்பு; அக்குறையைத் தாதியின் தலைமேல் ஏற்றுவது அநீதி. ஆயினும், கொடுக்கும் மருந்துகள் எல்லாமே எரிச்சலூட்டுவன அல்ல. ஒரு வார்டில் வழங்கும் அத்தகைய மருந்துகளை எண்ணினால் பத்துப் பன்னிரண்டில் அடங்கும். அவற்றின் பெயர், நீர்க்கும் அளவு, வேகம், மாற்று ஆகியவற்றைத் தமிழில் எழுதிச் சுவரில் மாட்டிவைத்தால், எந்தக் கைக்கு எப்பொழுது காவல் வேண்டும் என்பது தெரிந்துவிடும். எல்லாக் கைகளையும் காக்க நேரமில்லை என்பதே, காக்கவேண்டிய கையை அறிந்துவைப்பதற்குக் காரணமாதல் வேண்டும்.

"டாக்டர் எழுதினார், நான் போட்டேன்" என்பது மற்றொரு விடை. வைத்தியர் எழுதுவது மருந்தை. நாளத்தைத் தேர்வதும் வேகத்தைக் காப்பதும் முகத்தைப் பார்ப்பதும் தாதியின் கையில் உள்ளவை. "இந்த நாளம் இம்மருந்தைத் தாங்காது, வேறு வழி சொல்லுங்கள்" என்று வைத்தியரிடம் கூறுவது கீழ்ப்படியாமை ஆகாது. வள்ளுவர் கூறிய நான்காம் உறுப்பு தன் தொழிலைச் செய்வதே அது. அவ்வாறு கேட்பவரைச் சினந்து அடக்கும் வைத்தியர், தம் சிகிச்சையின் ஒரு காலைத் தாமே முறிப்பவராவார்.

மூன்றாவது தடையே மிகப் பெரியது, அஃது அச்சம். வீக்கத்தைக் கண்ட தாதி உடனே அறிவித்தால் வசையும் விளக்கக் கடிதமும் வருமென்று அஞ்சுகிறார். அதனால் விடியுமட்டும் மறைக்கிறார். கையைக் கெடுப்பது பெரும்பாலும் மருந்தன்று. இடையிற் கழிந்த அந்த நேரமே. ஆதலால் கசிவை உடனே அறிவித்தவரைத் தண்டியாமலிருப்பதை ஒவ்வொரு வைத்தியசாலையும் விதியாக்குதல் வேண்டுமென்பது எமது திடமான அபிப்பிராயம். மறைப்பதே குற்றம், நேர்ந்தது குற்றமன்று. கருத்துடையோர் கையிலும் நாளம் நழுவக்கூடும்.

நோயாளியின் சொல்லைச் செவிமடுக்கும் தாதியர் எங்ஙனம் உண்டாவார்கள் என்பதற்கு நம் ஜில்லாவிலேயே ஓர் எடுத்துக்காட்டு உளது. சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கிடையிலுள்ள சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கிற்கு டாக்டர் ரெஜி ஜார்ஜும் அவர் மனைவியார் டாக்டர் லலிதாவும் 1993-ஆம் ஆண்டில் வந்து, குடிசையொன்றில் வைத்தியம் தொடங்கினர். வெளியூர்த் தாதியரை எதிர்பாராமல், அம்மலையகத்துப் பழங்குடிப் பெண்களையே பயிற்றித் தாதியராகவும் ஆரோக்கிய ஊழியராகவும் ஆக்கினர். நோயாளி பேசும் மொழியே தாதியின் தாய்மொழி. நோயாளியின் குடிசையை ஒத்ததே தாதி பிறந்த குடிசை. தன் அத்தையோ சித்தியோ போன்ற ஒருத்தி "எரியுது" என்றால், அச்சொல்லை அலட்சியமாகத் தள்ள மனம் துணியாது. கூரிய ஊசியும் விலையுயர்ந்த யந்திரமும் பெற்றுத் தரமாட்டாத காவல் அது.

வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-ஆம் ஆண்டில் தாதியர் பயிற்சியைத் தொடங்கி வைத்தார்; 1946-ல் அது பட்டப்படிப்பாக உயர்ந்தது. தாதித்தொழில் வெறும் ஏவற்பணியன்று, கற்றறிந்தோர் தொழில் என்று நம் நாட்டில் நிலைநாட்டியவற்றுள் அதுவும் ஒன்று. தருமபுரியில் 2008-ஆம் ஆண்டில் அரசினர் மருத்துவக் கல்லூரி ஏற்பட்டபின், கடுநோயாளரும் கடுமருந்துகளும் நம் ஊரிலேயே பெருகியுள்ளன. மருந்து வளர்ந்த அளவுக்கு அதனைச் செலுத்தும் அறிவும் வளரவேண்டாவா?

மாணவ மாணவியருக்கு ஒரு சொல். உங்களில் தாதித்தொழிலை மேற்கொள்வோர் பரீட்சைக்காக மருந்தின் அளவை மனனம் செய்வது போதாது. உங்களில் ஒருவர் கையில் வெறும் உப்புநீரை ஏற்றச்செய்து, ஊசி ஏற்ற நோயாளியின் மனம் எப்படியிருக்குமென்று ஒருநாள் தக்க ஆசிரியர் முன்னிலையில் அறிந்து பாருங்கள். பழைய மாணவர்களாய் வைத்தியசாலைகளில் பொறுப்பேற்றிருப்போர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வார்டிலே அந்தச் சுவர்ப்பட்டியலை இவ்வாண்டே மாட்டுங்கள். கசிவை அறிவித்த தாதியை அழைத்து நன்றி கூறுங்கள். தாதியர் அல்லாதோர்க்கும் வேலை உண்டு. உங்கள் வீட்டார் படுக்கையிற் கிடக்கும்போது, எரிந்தால் சொல்லுங்கள் என்று அவர்களுக்கும், எரிகிறதாம் என்று தாதிக்கும் தயங்காமல் எடுத்துரையுங்கள்.

வழியிற் குற்றுயிராய்க் கிடந்தவனுக்கு நல்ல சமாரியன் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயங்கட்டிய கதையைக் கேட்டு வளர்ந்தவர் நாம். அவன் மருந்தை வார்த்துவிட்டு அப்புறம் திரும்பிப் பாராமற் போகவில்லை. அன்றிரவு அவனருகேயிருந்து பராமரித்தான். மருந்து வார்ப்பது பாதித் தொண்டு, அருகிருப்பது மறுபாதி. புளி தட்டிய அந்த அம்மையாரின் இரண்டு விரல்களை இனி நம்மால் நிமிர்த்தித் தர இயலாது. ஆயினும் அவர் சொன்ன அந்த ஒரு சொல்லை, அடுத்தமுறை யார் சொன்னாலும், கேட்டு நிறுத்தும் காதுகளை நம்மால் உண்டாக்க இயலும்.